இடது கையால் சாப்பிட்டவர்கள்

ஜிடேலி
மார்ச் 12, 1983

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனும் நீங்களும் நலமா? இங்கே பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு. அப்பா இருந்தால் வாசலிலிருந்து கிணறுவரை பலகை போட்டிருப்பார். நானும் போட்டேன். இரண்டு நாளில் புதைந்துவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நெல்வயல்களின் உப்புத்தண்ணீரை வெளியேற்றப் புதுக் கால்வாய் வெட்டப்போகிறார்கள். அதன் கோடு நம் வீட்டு நடுவே போகிறது. அடுப்படிச் சுவரோரம் முளை அடித்துச் சிவப்புத் துணி கட்டினார்கள். அந்தத் துணியைப் பக்கத்து வீட்டு ஸுலுஷாஷ் அக்காவின் ஆடு தின்றுவிட்டது. மறுநாளே வேறு துணி கட்டிவிட்டார்கள்.

பொறியாளர் கிம் கெட்டவர் இல்லை. தேநீர் கொடுத்தேன், குடித்தார். நூற்றைம்பது வருஷ வீடு ஐயா, ஆற்றுத்துறை இருந்த காலத்து வீடு என்றேன். அவர் சொன்னார்: "இந்தாம்மா, எனக்கு வீடு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். எனக்கு வேண்டியது ஒரு காகிதம். இது பழைய சின்னம்னு காகிதம் வந்தா கோடு வளையும். வரலைன்னா நேராப் போகும்."

அப்போதுதான் படத்தின் ஞாபகம் வந்தது. ஆல்மா-ஆத்தா அருங்காட்சியகத்தில் சிர் ஆற்றுத்துறை வீட்டின் கல்லச்சுப் படம் ஒன்று இருக்கிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் எப்போதோ சொல்லியிருந்தார். "நம்ம வீடு படத்துல இருக்கு" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பார்த்ததே இல்லை. அந்த அருங்காட்சியகத்தில் அச்சுப் படங்களைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள். ஆனாலும் உங்களிடம் ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை. மருமகளிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டார்.

நான் கேட்கிறேன். படம் உங்களிடம்தான் இருக்கிறது என்று கிம்மிடமும் சொல்லிவிட்டேன். "அந்தம்மா உனக்கு என்ன வேணும்?" என்றார். "அண்ணி" என்றேன். ஸுலுஷாஷ் அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணியாம் அண்ணி! பெத்தவ ஐயா அவ. தலைப்பிள்ளையத் தாத்தாகிட்டக் குடுக்கறது எங்க வழக்கம். குடுத்துட்டா தாத்தா அப்பா ஆயிடுவாரு, பெத்தவ அண்ணி ஆயிடுவா. உங்க ஊர்ல எப்படியோ!" என்றாள். கிம் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆவதற்கான ஆண்டு விருந்து நவம்பரில். அதை இந்த வீட்டில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் நான் இங்கேயேதான் இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள்
சுடர்


ஆல்மா-ஆத்தா
மார்ச் 27, 1983

அன்புச் சுடருக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அண்ணன் எண்ணெய்த் துரப்பண வேலைக்காக மேற்கே போயிருக்கிறார். மே மாதம்தான் வருவார். நலம்.

படத்தை எடுத்துப் பார்த்தேன். இங்கே அதற்கு யாரும் பெரிய மதிப்புக் கொடுத்ததில்லை. ஆற்றை அளக்க வந்த ஒரு குழுவோடு வந்த ஓவியர் வரைந்தது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சுப் பட்டறையில் வேறு யாரோ அதை அச்சுக்கல்லில் ஏற்றியிருக்கிறார். கீழே எழுதியிருப்பது: 'சிர் ஆற்றுத்துறையில் பழைய மண்வீடு. தெற்கிலிருந்து.' ஊரின் பெயர் இல்லை.

ஒரு தாழ்ந்த வீடு, நாணல் கூரை. ஒரு சுவர் சாய்ந்திருக்கிறது, அதற்கு ஒரு மரத்தை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வாசலுக்கு முன்னால் மூன்று பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பால் ஆறும், கரையில் ஏற்றி வைத்த ஒரு படகும்.

இதுவரை எல்லாம் நம் வீட்டைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து மண்வீடுகள் எல்லாமே இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வேறுபாடு என்னை உறுத்துகிறது. படத்தில் வீட்டைப் பார்த்து நின்றால் ஆறு வலப்பக்கம் இருக்கிறது. தெற்கிலிருந்து வரைந்ததென்றால் ஆறு கிழக்கே இருக்க வேண்டும். நம் வீட்டுக்குப் பழைய ஆற்றுப்படுகை மேற்கே. நான் மருமகளாக வந்து வாசலைப் பார்த்து நின்றபோது அது இடப்பக்கம் இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

படத்தை வெளியே அனுப்ப முடியாது. ஊடே தெரியும் எண்ணெய்த்தாளில் நானே கோடு பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வீட்டோடு ஒப்பிட்டுப் பார். ஆசைப்பட்டதைப் பார்க்காதே, இருப்பதைப் பார்.

எது எப்படி ஆனாலும் இங்கே உனக்கு அறை இருக்கிறது. ஜன்னல் மலைப்பக்கம். அதை வேறெதற்கும் நாங்கள் பயன்படுத்தியதில்லை.

அன்புடன்
மைரா


ஜிடேலி
ஏப்ரல் 10, 1983

அன்புள்ள அண்ணிக்கு,

தாள் கிழியாமல் வந்து சேர்ந்தது. எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறீர்கள்! நாணலைக்கூட ஒவ்வொன்றாக.

நானும் ஸுலுஷாஷ் அக்காவும் அதை வாசலுக்கு எடுத்துப்போனோம். காற்று. ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டோம். இது நம் வீடுதான் அண்ணி! சாய்ந்த சுவர் இருக்கிறது, முட்டு மரம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, வாசலின் மேல்நிலை. கதவுக்கு மேலே குறுக்கே வைத்த அது பழைய படகுப் பலகை, ஆணி இருந்த ஐந்து ஓட்டைகள் அதில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமே. சின்ன வயதில் அப்பா என்னைத் தூக்கி அந்த ஓட்டைகளில் விரல் விடச் சொல்லுவார். படத்தின் மேல்நிலையிலும் ஐந்து புள்ளிகள். எண்ணிப் பாருங்கள்.

அடுப்படிக் கொட்டகை படத்தில் எதிர்ப்பக்கம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை அப்பாவே இரண்டுமுறை இடித்துக் கட்டினார். ஆறு வலப்பக்கம் இருக்கிறது என்கிறீர்கள். ஆறு என்ன கட்டிப்போட்ட ஒட்டகமா? இன்றைக்கு அது நம்மை விட்டு எங்கேயோ போய்விட்டது. அன்றைக்குக் கிழக்கே ஓடியிருக்காது என்று யார் கண்டார்கள்?

ஸுலுஷாஷ் அக்கா மூன்று பேரையும் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அடியே, இங்க பாரு, மூணு தடியனும் பீச்சாங்கையால திங்கிறானுங்க! ஒருத்தன்னா பொறவிக் கோளாறுன்னு சொல்லலாம். மூணு பேருமா? இதுங்களுக்கு ஆத்தாக்காரி சொல்லிக் குடுக்கலையா?" என்றாள். "வரைஞ்சவர் குடிச்சிருப்பார் அக்கா" என்றேன். "அப்ப வீட்டை மட்டும் எப்படிச் சரியா வரைஞ்சான்?" என்று மடக்கினாள். அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கிம் உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கப்போகிறார். உங்களிடமே வரும். இது அதே வீடு என்று ஒரு வரி போதும். நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உங்கள்
சுடர்


ஆல்மா-ஆத்தா
மே 4, 1983

அன்புச் சுடருக்கு,

கால்வாய் அலுவலகத்தின் கடிதம் வந்தது. பதில் போய்விட்டது. அதை வேறு யார் வழியாகவும் நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் இன்றே எழுதுகிறேன்.

அதே வீடு என்று என்னால் எழுத முடியவில்லை.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. கால்வாய்க்காரர்களின் நில வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தேன். பழைய படுகை மேற்கே மட்டும்தான் இருக்கிறது. கிழக்கே ஆறு ஓடியதற்குத் தடயம் இல்லை. மேல்நிலையில் ஐந்து புள்ளிகள் இருப்பது உண்மை. ஆனால் நம் வாசலில் இடமிருந்து பார்த்தால் முதலில் மூன்று ஓட்டை நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு இரண்டு. படத்தில் முதலில் இரண்டு, பிறகு மூன்று. கொட்டகை எதிர்ப்பக்கம். இவ்வளவும் தற்செயல் என்று சொன்னால் அது ஆசையே தவிர ஆய்வு அல்ல.

இடது கையால் சாப்பிடுவதைப் பற்றி நீ வேடிக்கையாக எழுதியிருந்தாய். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நம் மக்கள் எந்தக் கையால் சாப்பிடுவார்கள் என்றுகூடக் கவனிக்காத ஓவியர், வீட்டை மட்டும் கவனித்திருப்பார் என்று எப்படி நம்புவது? அதையும் அத்தாட்சியில் எழுதியிருக்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் லிதியா, "மைரா அக்கா, நீங்க ஒதுங்கிக்குங்க, நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன். ஒரு மண்வீடு! யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள். நல்ல பெண். அவள் எழுதியிருந்தால் என் முகத்துக்காக எழுதியிருப்பாள். நீ என் வீட்டுப் பெண் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவருக்கு எழுதுவதைவிட உனக்கு எழுதும்போது நான் கூடுதலாகக் கண்டிப்பாக இருக்க வேண்டியிருந்தது. அது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அறையின் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

அன்புடன்
மைரா


ஜிடேலி
மே 20, 1983

அண்ணி,

கிம் உங்கள் அத்தாட்சியைக் காட்டினார். அவருக்கே சங்கடமாக இருந்தது. "நான் ஒரு வரிதான் எதிர்பார்த்தேன். இவங்க மூணு பக்கம் எழுதியிருக்காங்களேம்மா" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று பக்கத்தையும் படித்தேன். நான் உங்களைச் சிரிக்கவைக்க எழுதியதை எடுத்து என் வீட்டுக்கு எதிராகச் சாட்சி ஆக்கியிருக்கிறீர்கள். அது போகட்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. 'தற்போது குடியிருப்பவர்: செயித்கான் மகள் அக்மரல்.'

மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அதனால் கொழுந்தன், நாத்தனார் எல்லாருக்கும் நீங்கள் வேறு பெயர் வைத்தீர்கள். பெரியவருக்குப் 'பிடிவாதக்காரர்', சின்னவருக்குக் 'குதிரைக்காரர்', எனக்குச் சுடர். என்னைக் கொடுத்த நாளிலிருந்து நானும் உங்களுக்குப் புருஷன் வீட்டுக்காரிதானே. இருபத்தாறு வருஷமாக நீங்கள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதிப் பார்த்ததும் இல்லை. முதல்முறை பார்த்தது இந்த அத்தாட்சியில்தான். அதுவும் அப்பா பெயரோடு, செயித்கான் மகளாக.

ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்கு ஏழு வயது இருக்கும். நீங்களும் அண்ணனும் கோடையில் வந்திருந்தீர்கள். எல்லோரும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஓடிவந்து வாசற்படியில் விழுந்தேன். நெற்றி கிழிந்து ரத்தம். அப்பா எழுந்தார். ஸுலுஷாஷ் அக்கா எழுந்தாள். அண்ணன்கூட எழுந்தார். நீங்கள் எழுந்திருக்கவில்லை. கையில் தேநீர்க் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். "கொடுத்த பிள்ளைமேல உரிமை காட்டாத மருமக" என்று. நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். என் அண்ணி அவ்வளவு நல்லவள் என்று.

இப்போது கேட்கிறேன். அறை இருக்கிறது, அறை இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். இந்த வீடு போனால் நான் வேறு வழியில்லாமல் அங்கே வருவேன் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினீர்களா? இல்லை என்று மட்டும் எழுதுங்கள். நம்புகிறேன்.

செயித்கான் மகள்
அக்மரல்


ஆல்மா-ஆத்தா
ஜூன் 19, 1983

அன்புச் சுடருக்கு,

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியதைப் பலமுறை கிழித்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மை என்றும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதிப் பழக்கமில்லை.

ஒன்று மட்டும் சொல்ல முடியும். உன்னை மாமனார் வந்து ரயிலில் அழைத்துப்போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பின்னால் வேறு பிள்ளைகள் வருவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வரவில்லை. மாமியார் போன பிறகு ஒருமுறை மாமனார் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். உன்னைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "இந்த வருஷம் நெல் நல்லா வந்திருக்கு" என்றார். நானும் "ஆமாம் மாமா" என்றேன்.

அறை அப்போதிலிருந்து இருக்கிறது.

நவம்பர்வரை வீட்டை விட்டுவைக்கும்படி கிம்முக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அத்தாட்சியில் எதையும் மாற்றவில்லை. இதைத் தயவாகத்தான் கேட்டிருக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று எழுது. கோபமாகவாவது எழுது.

மைரா


ஜிடேலி
செப்டம்பர் 8, 1983

அண்ணி,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. கிம் தன்னால் முடிந்தவரை தள்ளிப்போட்டார். அறுவடைக்கு முன் இந்தப் பக்கம் வெட்டியாக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. பாத்திரம், மெத்தை எல்லாம் முன்தினமே ஸுலுஷாஷ் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். முதலில் சாய்ந்த சுவரைத் தள்ளினார்கள். அது உடனே விழவில்லை. இத்தனை வருஷம் விழப்போகிறேன் விழப்போகிறேன் என்று நின்ற சுவர்! ஓட்டுகிற பையன் கீழே இறங்கிவந்து, "என்னக்கா, உள்ள ஏதாவது இரும்பு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். ஸுலுஷாஷ் அக்கா, "இரும்பும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்கப்பன் வயசு அதுக்கு மூணு தடவை. மரியாதையாத் தள்ளு" என்றாள்.

கூரை விழுந்தபோது நாணலுக்குள் இருந்த குருவிகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. இத்தனை பேர் எங்களோடு குடியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை அடுப்பு மட்டும் நின்றது. அப்பா அதற்குப் போன வருஷ வசந்தத்தில்தான் வெள்ளை அடித்திருந்தார். வெட்டவெளியில் அடுப்பு மட்டும் நிற்பதைப் பார்க்க ஆடை இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

மேல்நிலைப் பலகையை அந்தப் பையன் உடைக்காமல் எடுத்துக் கொடுத்தான். வைக்க இடம் இல்லை. ஸுலுஷாஷ் அக்காவின் மாட்டுக்கொட்டகையில் சாத்திவைத்திருக்கிறேன்.

நவம்பர் விருந்துக்குப் பிறகு ரயில் நிலையத்தில் சரக்கு எடை போடும் வேலை. அங்கேயே தொழிலாளர் விடுதி இருக்கிறது. ஆல்மா-ஆத்தாவுக்கு வரமாட்டேன்.

உங்கள் எண்ணெய்த்தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இது எங்கள் வீடு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். யாருடையதோ. என்னிடம் இருந்து என்ன ஆகப்போகிறது?

அக்மரல்


ஆல்மா-ஆத்தா
செப்டம்பர் 21, 1983

அக்மரல்,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு எண்ணெய்த்தாளைப் பிரித்தேன். நீ அதை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்திருந்தாய். நான் அதைக் கவனிக்கவில்லை. அப்படியே மேசைமேல் விரித்துவிட்டேன்.

வீடு இருந்தது. ஆறு இடப்பக்கம். கொட்டகை வலப்பக்கம். மேல்நிலையில் முதலில் மூன்று புள்ளி நெருக்கமாக, இடைவெளி விட்டு இரண்டு. நான் மருமகளாக வந்து நின்று பார்த்த வாசல். அதற்கு முன்னால் மூன்று பேர் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்தது தாளின் பின்பக்கம் என்று புரிய எனக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை.

கல்லில் எதை வரைகிறோமோ, தாளில் பதியும்போது அது இடம் வலமாகத் திரும்பிவிடும். தேர்ந்தவர்கள் அதற்காகக் கல்லில் முதலிலேயே திருப்பி வரைவார்கள். இந்தப் படத்தைக் கல்லில் ஏற்றிய ஆள், கையில் கிடைத்த ஓவியத்தை இருந்தது இருந்தபடி வரைந்துவிட்டார். கீழே உள்ள எழுத்தை மட்டும் அந்த வேலை தெரிந்த வேறொருவர் திருப்பி எழுதியிருக்கிறார். அதனால் எழுத்து நேராக இருக்கிறது, வீடு திரும்பிவிட்டது. ஓவியர் குடித்திருக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கவனித்துத்தான் வரைந்திருக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: படம் பொருந்தவில்லையென்றால் முதலில் கண்ணாடியில் பாருங்கள். வேறு எவர் வீடாக இருந்திருந்தாலும் பார்த்திருப்பேன். ஆறு, கொட்டகை, ஓட்டை, கை என்று நான் எண்ணியவை எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டின. ஒவ்வொன்றையும் உனக்கு எதிராக எழுதிக்கொண்டே போனேன். உனக்குச் சாதகமாக ஒன்று தெரிந்துவிடுமோ என்று பயந்திருக்கிறேன். தெரிந்திருந்தால், அது தெரிந்ததனால் எழுதினேனா, நீ என்பதனால் எழுதினேனா என்று எனக்கே நிச்சயம் இருந்திருக்காது.

நீ வாசற்படியில் விழுந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். கிண்ணம் கொதிக்கக் கொதிக்க இருந்தது. கீழே வைத்தால் எழுந்துவிடுவேன் என்று அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை பொத்துப்போனது யாருக்கும் தெரியாது. இதை உன்னிடம் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை எங்கே நிறுத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் அத்தாட்சி தவறு என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படத்தோடு இருக்கும் அட்டையையும் மாற்றிவிட்டேன்: 'ஜிடேலி ஆற்றுத்துறை வீடு. அச்சில் இடம் வலமாகத் திரும்பியது. 1983இல் இடிக்கப்பட்டது. கடைசியாகக் குடியிருந்தவர் அக்மரல்.' யாருடைய மகள் என்று எழுதவில்லை. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அக்மரல், ஆண்டு விருந்துக்கு நான் வரலாமா? பந்தியில் உட்கார மாட்டேன். அடுப்படியில் இருந்துகொள்கிறேன். வழக்கத்தை மீறி உன் பெயரை எழுதுகிறேன். எழுதினால் உனக்கு ஏதாவது திரும்பக் கிடைக்குமோ என்று தோன்றியது. அக்மரல்.

மைரா


ஜிடேலி
நவம்பர் 23, 1983

அன்புள்ள அண்ணிக்கு,

'வர வேண்டாம்' என்று நான் கொடுத்த தந்தி கடுமையாக இருந்திருக்கும். அதை அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

விருந்து ஸுலுஷாஷ் அக்கா முற்றத்தில் நடந்தது. அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். ஊரே வந்தது. கிம்கூட வந்து ஒரு மூட்டை அரிசி இறக்கிவைத்துவிட்டு, யாரும் உட்காரச் சொல்லும்முன் போய்விட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஓதும்போது, பழக்கத்தில் என் கண் நம் வாசல் பக்கம் போயிற்று. அங்கே கால்வாய். இன்னும் தண்ணீர் விடவில்லை. வெறும் பள்ளம்.

உங்கள் கடிதத்தை ஸுலுஷாஷ் அக்காவிடம் படித்துக்காட்டினேன். கல்லச்சு விவரமெல்லாம் அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ அந்த மூணு பேரும் சோத்துக் கையாலதான் தின்னானுங்களா? ஐயோ பாவம், வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே" என்றாள். அதைக் கேட்டு நான் அழ ஆரம்பித்தேன். இடித்த அன்றைக்குக்கூட அழவில்லை. அவள் என்னைத் தேற்றவில்லை. ஆட்டுக்குத் தழை வைக்கப் போய்விட்டாள்.

அண்ணி, ஏன் அதை எனக்கு எழுதினீர்கள்? படத்தில் இருப்பது வேறு வீடு என்று நான் மனத்தைப் பழக்கிக்கொண்டிருந்தேன். போனது ஒரு பழைய மண்வீடு, இந்த ஆற்றோரத்தில் இடிந்த எத்தனையோ வீடுகளில் ஒன்று என்று. இப்போது போனது எங்கள் வீடு. அப்பா சொன்னது உண்மை. அவர் அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். அதைத் தெரிந்துகொண்டு நான் இருக்கிறேன். நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள் என்று தெரியும். எழுதாமல் இருந்திருக்கலாம். வாழ்நாளில் ஒருமுறையாவது எனக்காக ஒன்றை மறைத்திருக்கலாம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் எளிதாக இருக்கும்.

நாளை மறுநாள் விடுதிக்குப் போகிறேன். ஒரு அறையில் நாலு பேர். பலகையை எடுத்துப்போக முடியாது. அது மாட்டுக்கொட்டகையிலேயே இருக்கட்டும். அந்த எண்ணெய்த்தாளை எறியாமல் வைத்திருந்தால், மலைப்பக்க அறையின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். பின்பக்கம் உள்ளே பார்க்கட்டும். வெளிச்சம் வரும்போது சரியாகத் தெரியும். அந்த அறையில் அதாவது குடியிருக்கட்டும். நான் வருவேன் என்று சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் முழுக்க என் பெயரை எழுதியிருந்தீர்கள். எத்தனையோ நாள் அதற்காக ஏங்கியிருக்கிறேன். கையில் வந்தபோது படிக்க முடியவில்லை. யாரோ அதிகாரி எழுதியதுபோல் இருந்தது. அக்மரல் அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில், அஞ்சலகத்தில், ஸுலுஷாஷ் அக்கா முற்றத்தில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர். நீங்கள் எனக்கு வைத்தது வேறு. அந்தப் பெயரால் உங்களைத் தவிர யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
சுடர்